வெட்டாத என்சைம்: முதல் டைஜஷன் போடுகிறவர்களுக்கு

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் டைஜஷனை, அதாவது ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் என்ற புரதத்தால் டி.என்.ஏ.வை வெட்டுவதை, சொல்லித் தருவது என் பொறுப்பு. எல்லோரும் கையில் ஒரு புரோட்டோகால் தாளோடு வருவார்கள்: தண்ணீர் இவ்வளவு, பஃபர் இவ்வளவு, 37 டிகிரி, ஒரு மணி நேரம். தாளில் தப்பில்லை. அதன்படி போட்டால் பெரும்பாலும் வெட்டிவிடும். வெட்டாமல் போகிற நாளில்தான் அது வாய் திறக்காது. அன்றைக்குக் கைகொடுப்பது, ட்யூபில் போட்ட அந்தப் புரதம் தன் சொந்த செல்லுக்குள் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்ற விவரம்தான். அதனால் செய்முறையையும் உயிரியலையும் பிரிக்காமலே சொல்லப்போகிறேன்.

பாக்டீரியாவுக்கு இது எதற்கு

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஃபேஜ் என்கிறோம். ஃபேஜ் தன் டி.என்.ஏ.வை மட்டும் செல்லுக்குள் செலுத்தும். உள்ளே நுழைந்த டி.என்.ஏ.வைத் துண்டாடிவிட்டால் பாக்டீரியா பிழைக்கும். ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமின் அசல் வேலை இதுதான். ஒரு பாக்டீரியா வகையில் நன்றாகப் பெருகிய ஃபேஜ் இன்னொரு வகைக்குள் போனதும் தடுமாறுவதை 1950களின் தொடக்கத்திலேயே கவனித்துவிட்டார்கள். உள்ளே வரும் டி.என்.ஏ. வெட்டப்படுகிறது, சொந்த டி.என்.ஏ.வில் மட்டும் ஒரு அடையாளம் இருக்கிறது என்று 1960களில் வெர்னர் ஆர்பர் விளக்கினார். 1970இல் ஹாமில்டன் ஸ்மித்தின் குழு, குறிப்பிட்ட எழுத்துவரிசையில் மட்டும் வெட்டும் ஒரு என்சைமை ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்தது. அதற்கு அடுத்த வருடம் கேத்லீன் டன்னாவும் டேனியல் நேதன்ஸும் அதைக்கொண்டு எஸ்.வி.40 வைரஸின் டி.என்.ஏ.வை 11 துண்டாக்கி, துண்டுகளை மின்சாரத்தால் நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிக் காட்டினார்கள். ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் மூவருக்கும் 1978இல் நோபல் பரிசு. நீங்கள் இன்று போடப்போகும் ஜெல்லும் டன்னா போட்ட அந்த ஜெல்லின் வாரிசுதான்.

ஈ.கோலி என்ற பாக்டீரியாவிலிருந்து வந்த ஈகோஆர்-1 என்ற ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் தேடுவது ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்தை. இதைப் பாலிண்ட்ரோம் என்றதும், விகடகவி மாதிரி அதே வரியைத் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டு "சரியாக வரலையே" என்பார்கள். திருப்பிப் படிக்க வேண்டியது எதிர் இழையை. எதிர் இழை சி-டி-டி-ஏ-ஏ-ஜி. அதைப் பின்னாலிருந்து படித்தால் மறுபடி ஜி-ஏ-ஏ-டி-டி-சி. காரணம் எளிது. இந்த என்சைம் ஒரே மாதிரியான இரண்டு புரதங்கள் சேர்ந்த ஜோடி. ஆளுக்கொரு இழையைப் பார்த்துக்கொள்கின்றன. இருவர் கண்ணிலும் ஒரே வரிசை பட்டால்தான் வெட்டு. வெட்டு நடுவில் விழாமல் இரு இழையிலும் ஜி-க்கு அடுத்து விழுவதால், ஏ-ஏ-டி-டி என்று நான்கெழுத்து ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டு நிற்கும். குளோனிங்கில் ஒட்டுவதற்கு உதவும் முனை அதுதான்.

இப்போது ஒரு கணக்கு. ஆறெழுத்து வரிசை ஒன்று 4096 எழுத்துக்கு ஒரு முறை தற்செயலாக வரலாம். ஈ.கோலியின் மரபணுத்தொகுதியில் சுமார் 46 லட்சம் ஜோடி எழுத்துகள். அப்படியானால் எதிரிக்காக வைத்திருக்கும் என்சைம், தன் சொந்த டி.என்.ஏ.விலேயே ஆயிரத்துச் சொச்சம் இடங்களில் பாய வாய்ப்பிருக்கிறது. அதைத் தடுக்கத்தான் கூடவே இன்னொரு என்சைம் இருக்கிறது. அதே வரிசையைப் படித்து, அதிலுள்ள ஒரு ஏ-யின் மேல் மீத்தைல் தொகுதி ஒன்றை அது ஏற்றிவிடும். மீத்தைல் இருந்தால் வெட்டு இல்லை. செல் பிரியும்போது புது இழையில் மீத்தைல் இன்னும் ஏறியிருக்காது. பழைய இழையில் இருப்பதே காப்பாற்றப் போதும்.

இந்த மீத்தைல் விஷயத்தை மறந்துவிடாதீர்கள். வெட்டாத டைஜஷன் என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பிளாஸ்மிட்டை (பாக்டீரியாவுக்குள் தனியாகப் பெருகும் சிறு டி.என்.ஏ. வட்டம்) எந்த ஸ்ட்ரெயினில், அதாவது எந்த பாக்டீரியா வகையில், வளர்த்தீர்கள் என்றுதான்.

ரியாக்‌ஷன் போடுவது

நான் 50 மைக்ரோலிட்டரில் போடச் சொல்வேன். 20-இலும் போடலாம், ஆனால் பழகுகிற கைக்கு 50 மன்னிக்கும். ஒரு மைக்ரோகிராம் டி.என்.ஏ., பத்து மடங்கு பஃபர் 5 மைக்ரோலிட்டர், என்சைம் 1 மைக்ரோலிட்டர், மீதி தண்ணீர். முதலில் தண்ணீர், அடுத்து பஃபர், பிறகு டி.என்.ஏ., கடைசியில் என்சைம். நேராகத் தண்ணீரிலோ, கரைக்காத பத்து மடங்கு பஃபரிலோ என்சைமை விடக்கூடாது. உப்பு ஒன்றுமில்லாத இடமும் அளவுக்கு மீறிய இடமும் புரதத்துக்கு ஒத்துவராது.

என்சைம் ட்யூபைக் கடைசி நிமிடத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுங்கள், ஐஸில் வையுங்கள், வேலை முடிந்ததும் திரும்ப வைத்துவிடுங்கள். மைனஸ் 20 டிகிரியிலும் அது உறையாமல் இருப்பதற்குக் காரணம் அதில் பாதி கிளிசரால். கிளிசராலால் இரண்டு தொல்லை. ஒன்று, அது பிசுபிசுப்பானது. டிப்பின் நுனி திரவத்தின் மேற்பரப்பைத் தொட்டால் போதும். ஆழமாக முக்கினால் டிப்பின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டு வருவது உங்கள் 1 மைக்ரோலிட்டரை 2 ஆக்கிவிடும். இன்னொன்று, அது கனமானது. ட்யூபை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்சைமை விட்டால் நெளிந்து நெளிந்து அடியில் போய் உட்காருவது கண்ணுக்கே தெரியும். அப்படியே 37 டிகிரியில் வைத்தால் அடியிலிருப்பது மட்டும்தான் வெட்டுப்படும். விரலால் ட்யூபின் அடியை நாலு தட்டுத் தட்டுங்கள், அல்லது பிப்பெட்டால் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பிறகு ஒரு சின்ன ஸ்பின். வோர்டெக்ஸ் வேண்டாம்.

யூனிட் என்று ட்யூபில் போட்டிருப்பதன் பொருள்: லாம்டா என்ற ஃபேஜின் டி.என்.ஏ. ஒரு மைக்ரோகிராமை 50 மைக்ரோலிட்டரில் ஒரு மணி நேரத்தில் முழுதாக வெட்டும் அளவு ஒரு யூனிட். பொதுவாக ஒரு மைக்ரோலிட்டரில் 10 அல்லது 20 யூனிட் இருக்கும். அதாவது, நாம் எப்போதும் தேவைக்கு மேல்தான் போடுகிறோம். அது வீண் இல்லை. முறுக்கேறிய பிளாஸ்மிட்டை வெட்ட நீள்கோடாக இருக்கும் லாம்டாவைவிட அதிக என்சைம் கேட்கும், நாம் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுக்கும் பிளாஸ்மிட், அதாவது மினிப்ரெப், அத்தனை சுத்தமாகவும் இருக்காது. ஆனால் "இன்னும் ரெண்டு மைக்ரோலிட்டர் போட்டால் நல்லா வெட்டுமே" என்ற ஆசைக்கு ஒரு எல்லை உண்டு: என்சைம், மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிளிசரால் 5 சதவீதத்துக்கு மேல் போகும். அப்போது என்சைமின் கண் மங்கும். ஈகோஆர்-1 ஆறெழுத்தையும் பார்க்காமல், நடுவிலுள்ள ஏ-ஏ-டி-டி இருந்தாலே வெட்ட ஆரம்பிக்கும். இதற்கு ஸ்டார் ஆக்டிவிட்டி என்று பெயர். கிளிசரால் தவிர, உப்பு குறைவது, பி.எச். ஏறுவது, மக்னீசியத்துக்குப் பதில் மாங்கனீசு இருப்பது எல்லாமே இதைத் தூண்டும். செல்லுக்குள் இந்தத் தளர்வு வந்தால் பாக்டீரியாவே செத்துப்போகும். மீத்தைல் காவல் இருப்பது முழு ஆறெழுத்துக்கு மட்டும்தானே. அங்கே சூழ்நிலை ஓரளவு ஒரே மாதிரி இருப்பதால் தப்பிக்கிறது. அந்தச் சூழ்நிலையைத்தான் நாம் பஃபர் என்ற பெயரில் ட்யூபுக்குள் உண்டாக்கிக் கொடுக்கிறோம்.

பஃபரில் உயிர்நாடி மக்னீசியம். அது இல்லாவிட்டாலும் ஈகோஆர்-1 டி.என்.ஏ. மேல் உட்காரும், வழுக்கிக்கொண்டே போய்த் தன் வரிசையைக்கூடக் கண்டுபிடிக்கும், பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். வெட்டாது. இ.டி.டி.ஏ. மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அது வெட்டை நிறுத்தப் பயன்படுகிறது. அதே காரணத்தால், இ.டி.டி.ஏ. கலந்த கரைசலில் டி.என்.ஏ.வைக் கரைத்து வைத்திருந்து, ரியாக்‌ஷனில் பாதிக்கு அதையே ஊற்றினால் சிக்கல் வரும். தண்ணீரிலோ வெறும் டிரிஸ் பஃபரிலோ கரைத்து வையுங்கள் என்பது என் கட்சி.

இரண்டு என்சைமால் வெட்டும்போது இருவருக்கும் ஒத்துவரும் பஃபரைத் தேடுங்கள். வெப்பநிலையையும் பாருங்கள். ஸ்மா-1 விரும்புவது 25 டிகிரி. முதலில் அதை 25-இல் விட்டு, பிறகு மற்றதைச் சேர்த்து 37-க்கு மாற்றலாம். நிறுத்துவதிலும் வித்தியாசம் உண்டு: ஈகோஆர்-1 65 டிகிரியில் 20 நிமிடத்தில் அடங்கும், ஹிண்ட்-3-க்கு 80 வேண்டும், பாம்எச்-1 சூட்டுக்கு அசையாது, அதற்கு டி.என்.ஏ.வைச் சுத்தம் செய்யும் சிறு குழாயான காலம் (column) ஒன்றில் போட்டுச் சுத்தம் செய்வதுதான் வழி.

ஜெல்லில் என்ன பார்ப்பது

வெட்டிய சாம்பிளை மட்டும் ஓட்டிவிட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். வெட்டாத பிளாஸ்மிட் பக்கத்தில் ஓடியே ஆக வேண்டும். வெட்டாத பிளாஸ்மிட்டே பல பேண்டாக, அதாவது பட்டையாக, தெரியும்: முறுக்கேறியது வேகமாக ஓடும், ஒரு இழை மட்டும் அறுந்து தளர்ந்த வட்டம் பின்தங்கும். இதைப் பார்த்துவிட்டு "ரெண்டு இடத்தில் வெட்டியிருக்கு" என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கும்.

அந்த வெட்டாத சாம்பிளையும் ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்து ஜெல்லில் ஏற்றாதீர்கள். அதையும் பஃபரோடு, என்சைம் மட்டும் இல்லாமல், அதே 37 டிகிரியில் அதே நேரம் வைத்துவிட்டு ஏற்றுங்கள். ஏன் என்றால், சில ஈ.கோலி ஸ்ட்ரெயின்களில் எண்ட்-ஏ என்ற இன்னொரு வெட்டும் என்சைம் இருக்கிறது. அது வரிசை கிரிசை ஒன்றும் பார்க்காது. எச்.பி.101 ஸ்ட்ரெயினில் அது உண்டு, டி.எச்.5 ஆல்ஃபாவில் அந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். மினிப்ரெப்பில் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் மக்னீசியம் கிடைக்கும்வரை பேசாமல் இருக்கும். பஃபர் சேர்ந்து 37 டிகிரி வந்ததும் டி.என்.ஏ.வை அரைத்துவிடும். ஜெல்லில் பேண்டுக்குப் பதில் தலையிலிருந்து கால்வரை ஒரே பூச்சு. பழியைக் கம்பெனி என்சைம் மேல் போடுவார்கள். என்சைம் போடாத ட்யூபிலும் அதே பூச்சு இருந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

ஹிண்ட்-3 போட்ட லாம்டாவை அளவுகோலாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சிறு விஷயம். லாம்டா 48,502 ஜோடி எழுத்து நீளம்; ஹிண்ட்-3 அதை 8 துண்டாக்கும். 23,130, 9,416, 6,557, 4,361, 2,322, 2,027, 564, கடைசியாக 125. சாதாரண ஜெல்லில் 125 கண்ணில் படாது, 564 மங்கலாக இருந்தால் அதிர்ஷ்டம். வேடிக்கை 4,361-இல்தான். சில ஜெல்லில் அது மட்டும் அளவுக்கு மீறி மெலிந்திருக்கும். லாம்டாவின் இரு கோடியிலும் 12 எழுத்து ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கிறது, ஒன்றுக்கொன்று பொருந்தும். ஃபேஜ் செல்லுக்குள் நுழைந்ததும் இந்த முனைகளை இணைத்துத்தான் வட்டமாகிறது. உங்கள் ட்யூபிலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை: முதல் துண்டான 23,130-உம் கடைசித் துண்டான 4,361-உம் கோடிகளில் ஒட்டிக்கொண்டு ஒன்றாக ஓடுகின்றன. ஏற்றுவதற்கு முன் 65 டிகிரியில் சில நிமிடம் வைத்து உடனே ஐஸில் போட்டால் பிரிந்துவிடும்.

வெட்டவே இல்லை என்றால்

மூன்று ட்யூப் போடுங்கள்: உங்கள் டி.என்.ஏ. தனியாக, லாம்டா தனியாக, இரண்டும் கலந்து. மூன்றிலும் என்சைம். லாம்டா தனியாக இருக்கும் ட்யூபிலேயே வெட்டு இல்லையா? என்சைமோ பஃபரோ போய்விட்டது. அங்கே வெட்டி, கலந்த ட்யூபில் லாம்டா வெட்டுப்படவில்லையா? உங்கள் டி.என்.ஏ.வோடு ஏதோ வந்திருக்கிறது: சுத்தம் செய்த காலம் (column) வழியாக வந்த எத்தனால், ஃபீனால், உப்பு, இ.டி.டி.ஏ. இப்படி ஏதாவது. மறுபடி சுத்தம் செய்யுங்கள். கலந்த ட்யூபில் லாம்டா வெட்டுப்பட்டு உங்கள் டி.என்.ஏ. மட்டும் அசையாமல் இருந்தால், அந்த இடம் உங்கள் வரிசையில் இல்லை, அல்லது மீத்தைல் ஏறியிருக்கிறது.

மீத்தைல் ஏற்றியது யார்? ஈ.கோலியின் டாம் என்ற என்சைம். ஜி-ஏ-டி-சி எங்கே வந்தாலும் அதிலுள்ள ஏ-யில் மீத்தைல் வைப்பது அதன் வேலை. இது ஃபேஜுக்கு எதிரான காவல் இல்லை. டி.என்.ஏ. நகலெடுக்கும்போது தப்பெழுத்து விழுந்தால், பழைய இழை சரியானது, புது இழைதான் திருத்தப்பட வேண்டியது. எது புதிது என்று எப்படித் தெரியும்? நகலெடுத்த சிறிது நேரத்துக்குப் புது இழையில் மீத்தைல் இருக்காது. மட்-எச் என்ற வெட்டும் என்சைம் அந்த மீத்தைல் இல்லாத இழையில் மட்டும் ஒரு கீறல் போடும். அங்கிருந்து தப்பான பகுதி உரிக்கப்பட்டு மறுபடி எழுதப்படும்.

இந்தத் திருத்தும் ஏற்பாடு உங்களை எக்ஸ்பா-1-இல் மாட்டிவிடும். அதன் வரிசை டி-சி-டி-ஏ-ஜி-ஏ. அதில் ஜி-ஏ-டி-சி இல்லை. ஆனால் உங்கள் பிளாஸ்மிட்டில் அதற்கு அடுத்த இரண்டெழுத்து டி-சி என்று இருந்துவிட்டால்? டி-சி-டி-ஏ-ஜி-ஏ-டி-சி. கடைசி நாலெழுத்தைப் பாருங்கள். டாம் அங்கே வந்து மீத்தைல் வைத்துவிடும், எக்ஸ்பா-1 திரும்பிப் போய்விடும். வரைபடத்தில் எக்ஸ்பா-1 இடம் இருக்கிறது என்று காட்டும்; ஜெல்லில் வெட்டு இருக்காது. டாம் இல்லாத ஸ்ட்ரெயினுக்கு பிளாஸ்மிட்டை மாற்றி வளர்த்து எடுத்தால் வெட்டும். இடத்தைப் புதிதாக வடிவமைக்கும்போதே இரு பக்கமும் இரண்டெழுத்து தள்ளிப் பார்ப்பது இதைவிட நல்லது.

தலைகீழானவரும் உண்டு. டிபிஎன்-1 மீத்தைல் ஏறிய ஜி-ஏ-டி-சியை மட்டுமே வெட்டும். நிமோனியா உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து வந்தது. அந்த இனத்தில் சில வகைகள் இதை வைத்திருக்கின்றன, வேறு சில மீத்தைல் இல்லாததை வெட்டும் டிபிஎன்-2-ஐ வைத்திருக்கின்றன. ஒன்றில் வளர்ந்த ஃபேஜ் மற்றொன்றில் மாட்டும். நாம் இதைப் பயன்படுத்துவது, டி.என்.ஏ.வை ட்யூபிலேயே நகலெடுக்கும் பி.சி.ஆர். மூலம் பிளாஸ்மிட்டில் மாற்றம் செய்த பிறகு. நகலுக்கு மூலமான பழைய டெம்ப்ளேட் பாக்டீரியாவில் வளர்ந்தது, மீத்தைல் உண்டு, பி.சி.ஆரில் பிறந்ததற்கு இல்லை. டிபிஎன்-1 போட்டால் பழையது மட்டும் துண்டாகும்.

பி.சி.ஆர். துண்டின் கோடியிலேயே வெட்டும் இடம் வைத்திருந்தால், அதற்கு வெளியே ஆறெழுத்தாவது கூடுதலாகச் சேருங்கள். என்சைமுக்குப் பிடித்துக்கொள்ள இடம் வேண்டும்.

மற்ற வெட்டுக்காரர்கள்

ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்களோடு நின்றுவிட்டால், வெட்டு என்றால் போர் என்று நினைத்துவிடுவீர்கள். நம் உடலில் வெட்டு பெரும்பாலும் பராமரிப்பு வேலை. புதிதாக ஒரு வெட்டும் என்சைமைப் பற்றிப் படிக்கும்போது, கோடியிலிருந்து உரிக்கிறதா நடுவில் வெட்டுகிறதா, ஒரு இழையா இரண்டுமா, எதைப் பார்த்து இடத்தைத் தீர்மானிக்கிறது என்று கேளுங்கள். அதன் வேலை பாதி பிடிபட்டுவிடும்.

டீஎன்ஏஸ்-1 கணையத்திலிருந்து குடலுக்கு வந்து சாப்பாட்டிலுள்ள டி.என்.ஏ.வைச் செரிக்கிறது. ஆகவே குறிப்பிட்ட வரிசை அதற்குத் தேவையில்லை. ஆர்.என்.ஏ. மாதிரியில் கலந்த டி.என்.ஏ.வை ஒழிக்க இதைப் போடுவீர்கள். குலுக்கினால் சீக்கிரம் செயலிழக்கும் என்பதால் கவிழ்த்துக் கலந்தால் போதும்.

செல் தானே சாகத் தீர்மானிக்கும்போது வேலைக்கு வருவது கேட் என்ற என்சைம். சாதாரண நாளில் ஐகேட் என்ற புரதம் அதைக் கட்டிப்போட்டிருக்கும். புரதத்தை வெட்டும் காஸ்பேஸ் என்ற என்சைம் அந்தக் கட்டை அறுத்ததும், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளுக்கு இடையிலுள்ள வெளியில் கேட் வெட்டும். அதனால் துண்டுகள் எல்லாம் சுமார் 180 எழுத்தின் மடங்குகளாக விழும். செல்களுக்கு மருந்து கொடுத்து டி.என்.ஏ. எடுத்து ஜெல்லில் ஓட்டினால் படிப்படியாக பேண்டுகள் தெரிந்தால் அது திட்டமிட்ட மரணம். வெறும் பூச்சாக இருந்தால் செல் சிதைந்து செத்திருக்கலாம், அல்லது நீங்கள் டி.என்.ஏ. எடுத்த விதம் சரியில்லாமல் இருக்கலாம்.

ஸ்போ-11 என்பது எனக்கு மிகவும் பிடித்தது. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும் பிரிவின்போது அது குரோமோசோம்களை வேண்டுமென்றே இரண்டு இழையிலும் வெட்டுகிறது. அந்த வெட்டைச் சரிசெய்யும் சாக்கில்தான் தாய்வழி, தந்தைவழி குரோமோசோம்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இது இல்லாத எலிகள் மலடு. ராக்-1, ராக்-2 ஜோடியும் இதே துணிச்சல்காரர்கள்தான். நோயெதிர்ப்பு செல்களில் மரபணுத் துண்டுகளை வெட்டி மாற்றி ஒட்டுவதற்கு வழி செய்வதால்தான் இத்தனை விதமான ஆன்டிபாடிகள் கிடைக்கின்றன. இவை வேலை செய்யாத குழந்தைகளுக்கு பி செல்லும் டி செல்லும் முதிர்வதில்லை. தொற்றைத் தாங்க முடியாத கடுமையான குறைபாடு.

டோபோஐசோமரேஸ் வெட்டும், முறுக்கைத் தளர்த்தும், தானே ஒட்டிவிடும். ஒட்டுவதற்கு முன் அதை அப்படியே பிடித்து நிறுத்துவதுதான் சிப்ரோஃப்ளாக்சசின் பாக்டீரியாவிடம் செய்வது. புற்றுநோய் மருந்தான எட்டோபோசைட் மனித என்சைமிடம் செய்வதும் அதுவே.

காஸ்-9 பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. அதுவும் பாக்டீரியா ஃபேஜுக்கு எதிராக வைத்திருப்பதுதான். எங்கே வெட்டுவது என்பதை ஒரு சிறு ஆர்.என்.ஏ. சொல்கிறது. அந்த ஆர்.என்.ஏ.வை நாம் எழுதிக்கொடுக்கலாம் என்று 2012இல் காட்டிய எம்மானுவேல் ஷார்ப்பன்டியேவுக்கும் ஜெனிஃபர் டவுட்னாவுக்கும் 2020இல் வேதியியல் நோபல் பரிசு. இங்கே சொந்த டி.என்.ஏ.வைக் காப்பது மீத்தைல் இல்லை. வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பாம் என்ற குறி இருந்தால்தான் வெட்டு; பொதுவாகப் பயன்படுத்தும் காஸ்-9-க்கு அது ஏதோ ஒரு எழுத்தும் அடுத்து ஜி-ஜியும். பாக்டீரியா தன் நினைவுக் கிடங்கில் சேமித்திருக்கும் ஃபேஜ் துண்டுகளுக்குப் பக்கத்தில் அந்தக் குறி இருப்பதில்லை. உங்கள் கைடு ஆர்.என்.ஏ.வை வடிவமைக்கும்போது, குறியைக் கைடுக்குள் சேர்த்து எழுதிவிடாதீர்கள், அது டி.என்.ஏ.வில் இருந்தால் போதும். ட்யூபில் சோதித்துப் பார்த்தால் இன்னொரு வித்தியாசமும் தெரியும். ஈகோஆர்-1 வெட்டிவிட்டு விலகி அடுத்த இடத்துக்குப் போகும். காஸ்-9 வெட்டிய பிறகும் முனைகளைப் பிடித்துக்கொண்டே இருக்கும். யூனிட் கணக்கெல்லாம் இங்கே செல்லாது, டி.என்.ஏ.வைவிட எண்ணிக்கையில் அதிகமாகப் புரதத்தைப் போட வேண்டும். ஜெல்லில் ஏற்றும் முன், புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ்-கே சேர்த்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். இல்லாவிட்டால் டி.என்.ஏ. புரதத்தோடு சேர்ந்து கிணற்றிலேயே நிற்கும், வெட்டவில்லை என்று எழுதி வைப்பீர்கள்.